புறாவின் தொண்டையில் ஒரு கறவை மாடு

மும்பை தாதரில் புறாக்களுக்குத் தானியம் போடும் இடத்தை 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தார்ப்பாயால் மூடியது. தடையை மீறி இரை போடுவோர் மீது வழக்குப் பதியச் சொன்ன பம்பாய் உயர் நீதிமன்ற ஆணை நம் திருச்சியைக் கட்டுப்படுத்தாது. கேள்வி மட்டும் இங்கேயும் நிற்கிறது. அம்மா மண்டபத்தில் காக்கைக்குப் பிண்டம் வைப்பவரையும், கைலாசபுரத்தில் மொட்டை மாடியில் படிக்கணக்கில் அரிசி இறைப்பவரையும் ஒரே சட்டத்தில் அடைக்கலாமா? சிங்கப்பூர் அடைத்துவிட்டது: அங்கே காட்டுயிர் எதற்கு உணவிட்டாலும் முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். தடைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது உடல்நலம்; புறா பறந்தாலே நுரையீரல் போய்விடும் என்ற பீதி மிகை. எச்சமும் இறகுத்தூசியும் மண்டிய இடத்தில் நெடுநாள் மூச்சு விடுவோரில் சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரல் அழற்சி வருவதோ மெய். ஆனால் சட்டம் முதலில் பார்க்க வேண்டியது பறவையின் உடலை.

சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் தேடியாக வேண்டும். நாம் எவ்வளவு அரிசி போட்டாலும் புழு கிடைக்காவிட்டால் குஞ்சு தேறாது. புறாவுக்கு அந்தத் தடையே இல்லை. முட்டை பொரியும் நாள் நெருங்கும்போது புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து, ஆண், பெண் இரண்டின் தீனிப்பைச் சுவரும் தடிக்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த செல்கள் தயிர்க்கட்டி போல உதிர்கின்றன. முதல் சில நாட்களுக்குக் குஞ்சின் உணவு இந்தப் புறாப்பால்தான். புறா தன் தொண்டையிலேயே ஒரு மாட்டைக் கட்டி வைத்திருக்கிறது: அப்பனுக்கும் மடி உண்டு, மேய்ச்சலுக்குப் புல்வெளி வேண்டாம், தீவனம் குறையாதவரை ஆடியிலும் கறவை, மார்கழியிலும் கறவை. அந்தத் தீவனத்தைத்தான் நாம் மூட்டையில் வாங்கிக் கொட்டுகிறோம்.

இரையை நிறுத்தினால் பட்டினியில் சாகுமே என்பது நியாயமான கவலை. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் புறாக்களைக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. உணவு இருந்ததால் காலியான இடத்தை இளம்புறாக்கள் நிரப்பின. 1988 முதல் இரை போட வேண்டாம் என்று மக்களிடம் பேசி, மேற்பார்வையில் உள்ள கூடுகளில் முட்டைகளையும் அகற்றியதில், சுமார் நான்கு ஆண்டுகளில் கூட்டம் பாதியானது. இரை குறைந்தால் முதலில் குறைவது இனப்பெருக்கம். திடீரென்று தார்ப்பாய் போடுவதைவிடப் படிப்படியாகக் குறைப்பதுதான் இரக்கம். தர்மத்தில் சட்டம் கைவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: காக்கைக்கு வைக்கும் ஒரு கைப்பிடிச் சோற்றைத் தொட வேண்டியதில்லை, பொது இடத்தில் நாள்தோறும் மூட்டை மூட்டையாகத் தானியம் கொட்டுவதைத் தடுத்தால் போதும்.