கைபேசி ஏன் மெதுவானது என்று சொல்ல வேண்டியவர் யார்?

2017 டிசம்பர் 18ஆம் திகதி, ரொறொன்ரோவில் இயங்கும் பிரைமேட் லாப்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ஜோன் பூல் சில வரைபடங்களை வெளியிட்டார். கைபேசியின் புரொசஸர் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அளந்து புள்ளி கொடுக்கும் கீக்பெஞ்ச் என்ற ஆப் அந்த நிறுவனத்தின் தயாரிப்பு. தன் ஐபோன் 6எஸ்ஸுக்குப் புதுப் பற்றரி போட்டதும் கீக்பெஞ்ச் புள்ளி 1466இலிருந்து 2526க்குத் தாவிவிட்டது என்று பாவனையாளர் ஒருவர் சில நாள்களுக்கு முன்னர் எழுதியிருந்தார். பற்றரியை மாற்றினால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும்; வேகம் ஏன் கூட வேண்டும்? பூல் தன்னிடம் ஏற்கெனவே சேர்ந்திருந்த அளவீடுகளை மென்பொருள் பதிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஐஓஎஸ் 10.2 பதிப்பில் ஓடிய 6எஸ் கைபேசிகளின் புள்ளிகள் ஒரே உச்சியைச் சுற்றித் திரண்டிருந்தன. 10.2.1 வந்த பிறகு அந்த உச்சிக்குக் கீழே தனித்தனிச் சிறு மேடுகள் முளைத்தன. 11.2இல் அவை இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஐபோன் 7இல் 11.1.2 வரை எதுவும் மாறவில்லை, 11.2இல் அங்கும் அதே மேடுகள். பற்றரி மூப்படைவது மெல்ல மெல்ல நடப்பது. ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் வேகம் படிக்கட்டு வெட்டியதுபோல் இறங்கியிருந்தால், அதை இறக்கியது மென்பொருள்தான். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 20ஆம் திகதி, அப்பிள் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது.

அப்பிள் செய்த காரியத்துக்குப் பொறியியல் காரணம் இருந்தது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். லிதியம் அயன் பற்றரி பழசாகும்போது இரண்டு விடயங்கள் நடக்கின்றன. அது தாங்கும் மின்சாரத்தின் அளவு குறைகிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அதன் உள்தடையும் கூடுகிறது. இதைப் பலர் அறிவதில்லை. புரொசஸர் ஒரு கணத்தில் கூடுதல் மின்சாரம் கேட்டால், உள்தடை கூடிய பற்றரியின் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், உள்ளிருக்கும் மின்சுற்றுகளைக் காப்பாற்றக் கைபேசி தானே அணைந்துவிடும். 30 வீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே இப்படி நடக்கலாம். குளிர் இந்தத் தடையை மேலும் கூட்டும். ஜனவரி மாதத்து ஸ்காபரோவில் பஸ் தரிப்பிடத்தில் கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தவுடன் திரை கறுத்துப்போவதன் காரணம் இதுதான். புரொசஸரின் உச்ச வேகத்துக்கு வரம்பு வைத்தால் அந்தத் திடீர்க் கேள்வி எழாது, கைபேசி அணையாது. அவசரத்துக்கு 911ஐ அழைக்கும்போது செத்துப்போகிற கைபேசியைவிடக் கொஞ்சம் மெதுவாக இயங்குகிற கைபேசி மேல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆகவே வேகத்தைக் குறைத்ததை வைத்து மட்டும் அந்த நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

அது சொன்னதையும் சொல்லாததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் பிரச்சினை தெரிகிறது. 10.2.1 பதிப்பு வந்தது 2017 ஜனவரியில். அடுத்த மாதமே, ஐபோன் 6எஸ்ஸில் எதிர்பாராமல் அணைந்துபோவது 80 வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று அப்பிள் ஊடகங்களுக்குப் பெருமையாகச் சொன்னது. பலனைச் சொன்னது, அந்தப் பலன் எந்த விலையில் கிடைத்தது என்று சொல்லவில்லை. உச்ச வேளையில் மின்சார மேலாண்மை மேம்படுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு வரி, பதிப்புக் குறிப்பில் பிற்பாடு சேர்க்கப்பட்டது. அந்த வரியை வாசிக்கிற எவருக்கும் தன் கைபேசியின் வேகத்தைக் குறைக்கப்போகிறார்கள் என்று விளங்காது. கைபேசித் திரையிலும் எந்த அறிவிப்பும் வரவில்லை. பூல் அன்றே சரியான இடத்தைத் தொட்டிருந்தார்: கைபேசி முழு வேகத்தில் இருக்க வேண்டும், அல்லது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நிலையில் இருப்பதாக அறிவிக்க வேண்டும். இரண்டும் இல்லாத மூன்றாவது நிலை ஒன்றைப் பாவனையாளர் எதிர்பார்ப்பதில்லை. அப்படி ஒரு நிலை வந்தால், பற்றரியை மாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கமாட்டார். கைபேசியையே மாற்ற வேண்டும் என்றுதான் நினைப்பார்.

அந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையிலுள்ள பண வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் கனடாவில் அப்பிளிடம் பற்றரி மாற்ற 99 டொலர். அந்த இலையுதிர் காலத்தில் வந்த ஐபோன் 8இன் தொடக்க விலை 929 டொலர். ஐபோன் எக்ஸ் 1,319 டொலர். கைபேசி தடுமாறுவதன் காரணம் பற்றரிதான் என்று தெரிந்தவர் நூறு டொலருக்குள் காரியத்தை முடித்திருப்பார். தெரியாதவர் கைபேசி பழசாகிவிட்டது என்று எண்ணி, புதியதற்கு மாத ஒப்பந்தம் எழுதியிருப்பார். இது வெறும் ஊகமல்ல என்பதற்குச் சான்று அப்பிளிடமிருந்தே வந்தது. 2017 டிசம்பர் 28ஆம் திகதி மன்னிப்புக் கேட்ட நிறுவனம், 2018 முழுவதும் கனடாவில் பற்றரி மாற்றும் கட்டணத்தை 35 டொலராகக் குறைத்தது. 2019 ஜனவரி 2ஆம் திகதி தலைமை நிர்வாகி ரிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த வருமானம் வராது என்று அறிவித்தார். சீனப் பொருளாதாரத்தின் தளர்ச்சியைப் பிரதானமாகச் சொன்னாலும், குறைந்த விலையில் பற்றரி மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்களையும் புது ஐபோன் விற்பனை மந்தமானதற்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டார். உண்மை தெரிந்து, வழியும் மலிவாகக் கிடைத்தபோது பலர் பழைய கைபேசியையே வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட நம்பத்தகுந்த சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். புதுக் கைபேசி விற்பதற்காகவே வேகத்தைக் குறைத்தார்கள் என்று யாராவது நிரூபித்தார்களா? இல்லை. 2018 மார்ச்சில் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் கீழவையின் தொழில்துறைக் குழு முன் வந்த அப்பிள் கனடாவின் பிரதிநிதியும், பழைய கைபேசிகளைத் தொடர்ந்து பாவிக்க உதவுவதே ஒரே நோக்கம் என்றுதான் சாட்சியமளித்தார். அமெரிக்காவில் வழக்குகளைத் தீர்க்க 2020இல் 50 கோடி டொலர் வரை கொடுப்பதாக எழுதப்பட்ட உடன்பாட்டிலும் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் வாதத்துக்கு அந்த உள்நோக்கம் தேவையே இல்லை. 2020 பெப்ரவரியில் பிரான்சின் நுகர்வோர் அதிகார சபை விதித்த 2.5 கோடி யூரோ தண்டத்தின் அடிப்படையைக் கவனியுங்கள்: பதிப்பை ஏற்றினால் வேகம் குறையலாம் என்று வாடிக்கையாளருக்கு அறிவிக்கவில்லை என்பது மட்டும்தான் அங்கே குற்றம். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 ஒக்டோபரில் அப்பிளுக்கு 1 கோடி யூரோவும், பழைய நோட் 4 கைபேசிகளில் அவற்றுக்குப் பொருந்தாத புதிய மென்பொருளை ஏற்றத் தூண்டியதற்காகச் சாம்சங்குக்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் போட்டது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும், என் பொருளின் இயல்பை எனக்குத் தெரியாமல் மாற்றினால், அந்தப் பொருளைப் பற்றி நான் எடுக்கும் அடுத்த முடிவு பிழைத்துப்போகிறது. அந்த நட்டம் எண்ணத்தைப் பார்த்து வருவதில்லை.

சாதாரண மக்களுக்கு உள்தடையும் மின்னழுத்தமும் விளங்காது, அறிவிப்புகளை யாரும் வாசிப்பதில்லை என்பது இன்னொரு ஆட்சேபம். இதை அடிக்கடி கேட்கிறோம். இதில் ஒரு மேட்டிமை இருக்கிறது. உள்தடை பற்றி யாரும் பாடம் கேட்கவில்லை. உங்கள் பற்றரி பழசாகிவிட்டது, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறோம், புதுப் பற்றரி போட்டால் பழைய வேகம் திரும்பும், அதற்கு இவ்வளவு செலவாகும்: இந்த நான்கு செய்தி போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். 2018 மார்ச் கடைசியில் வந்த 11.3 பதிப்பில் அப்பிளே பற்றரியின் நிலையைக் காட்டும் பக்கத்தைச் சேர்த்து, வேகக் குறைப்பை நிறுத்தும் தெரிவையும் கொடுத்தது. பதினொரு மாதம் முடியாதிருந்த ஒன்று, வழக்குகள் வந்தபின் மூன்று மாதத்தில் முடிந்தது. சொல்லாததால் யார் அதிகம் இழந்தார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். நம் சமூகத்தில் புதுக் கைபேசி பிள்ளைக்கு. அவர் பாவித்தது அம்மாவுக்கு. அதற்கு முந்தியது அம்மம்மாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும். மிகப் பழைய பற்றரியோடு இருப்பவர் பெரும்பாலும் அதைப் பற்றி யாரிடமும் கேட்கத் தெரியாதவர். கைபேசி திணறினால் தனக்குப் பாவிக்கத் தெரியவில்லை என்றே அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்வார்.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் என்று எண்ணினால் அதுவும் பிழை. 2021 ஜூலையில் வன்பிளஸ் 9 வகைக் கைபேசிகள், அதிகம் பாவிக்கப்படும் ஆப்களின் வேகத்தை இரகசியமாகக் கட்டுப்படுத்தியது தெரியவந்தபோது, பிரைமேட் லாப்ஸ் அவற்றைத் தன் தரவரிசையிலிருந்து நீக்கியது. 2022 மார்ச்சில் சாம்சங்கின் முறை வந்தது. விளையாட்டுகளைச் சீராக்கவென்று அது வைத்திருந்த சேவை, பெரும் எண்ணிக்கையான ஆப்களின் வேகத்தைக் குறைத்தது. வேகத்தை அளக்கும் ஆப்களை மட்டும் தொடவில்லை. கீக்பெஞ்சின் அடையாளத்தை ஒரு விளையாட்டின் பெயருக்கு மாற்றி ஓடவிட்டபோது புள்ளி விழுந்தது. அளப்பவருக்கு ஒரு வேகம், பணம் கொடுத்து வாங்கியவருக்கு இன்னொரு வேகம். கலக்ஸி எஸ்10 தொடக்கம் எஸ்22 வரை நான்கு தலைமுறைக் கைபேசிகள் அந்த ரொறொன்ரோ நிறுவனத்தின் பட்டியலிலிருந்து வெளியேறின. கட்டுப்பாட்டை நீக்கும் தெரிவைச் சாம்சங் அதன் பிறகு வழங்கியது. மூன்று நிறுவனங்களும் வெளியில் அம்பலமான பிறகே வாய் திறந்தன. அளவீடு செய்யும் ஒரு தனியார் நிறுவனம் தற்செயலாக நுகர்வோரின் காவலராக இருப்பது நல்லதுதான். ஆனால் கோடிக்கணக்கான மக்களின் அறியும் உரிமையை அந்தத் தற்செயலில் தொங்கவிடலாமா?

இப்போது எல்லாம் திருந்திவிட்டதே என்பார்கள். ஓரளவு உண்மை. 2019 மே மாதம் பிரித்தானியப் போட்டி அதிகார சபைக்கு அப்பிள் கொடுத்த வாக்குறுதிப்படி, வேகத்தைப் பெரிதாகப் பாதிக்கும் மென்பொருளைப் பற்றி முன்கூட்டியே தெளிவாக அறிவிக்க வேண்டும். கூகுள் 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ கைபேசிகளுக்கு அனுப்பிய கட்டாயப் பதிப்பு, சிலவற்றில் பற்றரியின் கொள்ளளவைக் குறைக்கும் என்று முன்னரே அறிவித்தது. இலவசப் பற்றரியோ பணமோ கொடுக்கவும் முன்வந்தது. 2017ஐவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஏன் குறைக்கிறோம் என்பதை அந்த அறிவிப்பு தெளிவாகச் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் பற்றரியை மாற்றுவதா, பணத்தை வாங்குவதா, கைபேசியையே ஒதுக்கிவைப்பதா என்று எப்படி முடிவெடுப்பது? நிறுவனம் தானாகச் சொல்லும்போது, எவ்வளவு சொல்வது என்ற அளவையும் அதுவே தீர்மானிக்கிறது. அதனால்தான் இதற்குச் சட்டம் வேண்டும் என்கிறேன்.

நட்டஈடு சட்டத்துக்கு மாற்றாகாது என்பதைக் கனடாவின் அனுபவமே காட்டுகிறது. கைபேசிகளை மெதுவாக்கியதற்காக அப்பிளுக்கு எதிராகத் தொடரப்பட்ட, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களுக்கான கூட்டு வழக்கு 2024இல்தான் பிரிட்டிஷ் கொலம்பியா உயர் நீதிமன்றத்தின் அங்கீகாரத்தோடு முடிந்தது. மொத்தம் 1.44 கோடி டொலர் வரை; ஒரு கைபேசிக்கு 17.50 முதல் 150 டொலர் வரை. அந்தப் பணத்தைக் கேட்பதற்குக் கைபேசியின் வரிசை எண் வேண்டும். கடைசி நாள் 2024 செப்டெம்பர் 2. ஏழு வருடத்துக்கு முன் மெதுவாகிவிட்டது என்று தூக்கிப்போட்ட கைபேசியின் வரிசை எண்ணை எத்தனை பேர் எழுதிவைத்திருப்பார்கள்? மிகவும் ஏமாந்தவருக்கே பணம் கிடைப்பது மிகவும் கடினம்.

கியூபெக் 2023 ஒக்டோபரில் திட்டமிட்டுப் பொருளை விரைவில் பழசாக்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மின்னணுப் பூட்டுகளைத் திருத்த வேலைக்காகத் திறப்பது பதிப்புரிமை மீறலாகாது என்று மத்திய சட்டமும் 2024 நவம்பரில் மாறியது. ஒன்ராறியோவில் ரொறொன்ரோ உறுப்பினர் மைக்கல் கோட்டோ 2019இல் கொண்டுவந்த 72ஆம் இலக்கச் சட்டமூலம், உதிரிப்பாகங்களையும் திருத்தும் கையேடுகளையும் நியாய விலையில் கொடுக்கக் கேட்டது. அந்த மே மாதமே தோற்கடிக்கப்பட்டது. முக்கியமான உண்மையைச் சொல்லாமல் விட்டு ஏமாற்றுவது தவறு என்று ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறதுதான். ஆனால் அந்த வாசகம் பொருளை விற்கும்போது பேசும் பேச்சை மனதில் வைத்து எழுதப்பட்டது. கைபேசியோ விற்று மூன்று வருடம் கழித்து ஓர் இரவில், பதிப்பொன்றை ஏற்றும்போது மாற்றப்படுகிறது. அடுத்து குயின்ஸ் பார்க்கிலுள்ள ஒன்ராறியோச் சட்டமன்றத்துக்கு வரும் சட்டமூலத்தில் இந்த ஓட்டையை அடைக்கும் ஒரு பிரிவு வேண்டும்: விற்ற பொருளின் வேகத்தையோ பற்றரியின் கொள்ளளவையோ குறைக்கும் எந்தப் பதிப்பும், ஏற்றுவதற்கு முன்னரே திரையில், கைபேசி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில், என்ன குறைகிறது, ஏன் குறைகிறது, அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாத நிறுவனத்துக்குத் தண்டம், விற்ற ஒவ்வொரு கைபேசிக்குமாகக் கணக்கிடப்பட வேண்டும்.