சின்னப் பிள்ளையிடமும் கேட்க வேண்டும்



கல்வி உதவி கேட்டு நமது அலுவலகத்திற்கு வருபவர்கள், பேச்சோடு பேச்சாகப் பிள்ளைகளைப் பற்றிய குறைகளையும் சொல்வதுண்டு. ஒருமுறை ஒரு சகோதரர், தம் ஆறு வயது மகன் மக்தபுக்குப் போக மறுக்கிறான், அதட்டினால் கையில் கிடைத்ததை வீசுகிறான் என்று வருந்தினார். நாமும் அதை அடம் என்றே எடுத்துக்கொண்டோம். கண்டிப்போடு அனுப்பி வைக்கும்படி சொன்னோம். சில வாரங்கள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பிள்ளைக்குப் பேச்சில் கொஞ்சம் திக்கல் உண்டு. போகும் வழியில் பெரிய பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அத்தாவைக் கேட்டோம், உஸ்தாதைக் கேட்டோம். அத்தாவின் பக்கத்திலேயே நின்றிருந்த பிள்ளையை மட்டும் நாம் கேட்கவில்லை.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி என்ன சொல்லத் தெரியும் என்று நாம் நினைக்கிறோம். உளவியல் துறையிலும் நெடுங்காலம் இந்த எண்ணமே இருந்தது. சிறு பிள்ளையின் குணத்தையும் நடத்தைச் சிக்கலையும் அறியப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேள்வித்தாள் கொடுப்பதே வழக்கமாக இருந்தது.

ஆனால் பெரியவர்கள் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா? 1987ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இதைப் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழுமையாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்று வைத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் சொன்னவை போன்று, ஒரே நிலையில் உள்ள இருவர் சொன்னவை சராசரியாக 0.60 அளவுக்கு ஒத்திருந்தன. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு நிலையில் உள்ளவர்கள் சொன்னவை 0.28 அளவுக்கே ஒத்திருந்தன. பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னதும் ஒத்துப்போனது வெறும் 0.22.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டில் துள்ளும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருக்கும். உம்மா பார்ப்பது ஒரு பக்கம், ஆசிரியர் பார்ப்பது இன்னொரு பக்கம். மனத்துக்குள் இருக்கும் பயமும் வருத்தமும் இருவர் கண்ணிலும் படாமல் போகலாம். அதைச் சொல்லக்கூடியது பிள்ளை மட்டும்தான்.

அப்படியானால் நேராகக் கேட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். "நீ நல்ல பிள்ளைதானே?" என்றால் எந்தப் பிள்ளையும் "ஆமாம்" என்றுதான் தலையாட்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு "ஆம்" சொல்லிவிடுவது சின்னஞ்சிறு பிள்ளைகளின் இயல்பு. ஒரே கேள்வியை மறுபடியும் கேட்டால், முதலில் சொன்னது தப்புப்போலும் என்று பதிலை மாற்றிவிடுவார்கள். "உன் மனசு எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் பதிலே வராது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியில் ஒரு வழி கண்டார்கள். ஜெஃப்ரி மெசெல், ஜெனிஃபர் ஆப்லோ ஆகியோர் உருவாக்கிய அந்த முறைக்குப் பெர்க்லி பொம்மை நேர்காணல் என்று பெயர். இக்கி, ஸிக்கி என்று இரண்டு நாய்க்குட்டிக் கைப்பொம்மைகள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நேர்காணல் செய்பவர் இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டு பேசவைப்பார்.

ஒரு பொம்மை, "எனக்கு நிறைய கூட்டாளிகள் இருக்கிறார்கள்" என்று சொல்லும். மற்றொன்று, "எனக்கு நிறைய கூட்டாளிகள் இல்லை" என்று சொல்லும். பிறகு, "நீ எப்படி?" என்று பிள்ளையைக் கேட்கும். எது நல்ல பதில், எது கெட்ட பதில் என்று குரலிலோ முகத்திலோ காட்டக் கூடாது. இரண்டு பொம்மைகளும் நல்ல பொம்மைகளே. அதனால் கூட்டாளி இல்லாத பிள்ளைக்கும், தன்னைப் போலவே ஒருவர் எதிரில் இருக்கிறார் என்ற தைரியம் வருகிறது. வாயால் சொல்ல வெட்கப்படும் பிள்ளை பொம்மையைத் தொட்டுக் காட்டினாலும் போதும். இவ்வாறு கோபம், கவலை, கூச்சம், படிப்பு, சண்டை என்று பலவற்றையும் கேட்பார்கள். நேர்காணலைப் படம்பிடித்து வைத்து, பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பிடுவார்கள்.

இந்த முறையைப் பற்றிய ஆய்வு 1998இல் வெளியானது. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், அதே பிள்ளைகளை 5, 6, 7 வயதுகளில் திரும்பத் திரும்ப நேர்காணல் செய்து குணங்களைப் பற்றிக் கேட்டார்கள். பிள்ளைகளின் பதில்கள் ஏனோதானோவென்று இல்லை. பல குணங்களில், கல்லூரி மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஏறக்குறைய நிகரான ஒழுங்கு அவற்றில் இருந்தது. பெரியவர்கள் கண்டு சொன்னதோடும் அவை ஓரளவு பொருந்தின.

இதனால் பெற்றோர் சொல்வதை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. பொம்மை நேர்காணல் ஒன்றை மட்டும் வைத்து எந்தப் பிள்ளைக்கும் நோய் என்று முடிவு கட்டுவதும் இல்லை. பெற்றோர், ஆசிரியர் ஆகியோரின் சொல்லோடு பிள்ளையின் சொல்லும் சேர வேண்டும் என்பதே இதன் சாரம். முறையான மதிப்பீட்டைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். நாமே வீட்டில் பொம்மையை வைத்துக்கொண்டு மருத்துவராகிவிட முடியாது.

ஆனாலும் அந்த முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று கேட்பதை விட்டு, "சில பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கும், சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. நீ எப்படி?" என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே குரலில் சொல்லுங்கள். பிள்ளை ஒரு பதில் சொல்லிவிட்டால், நமக்குப் பிடித்த பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். சொன்ன பதிலுக்காகத் திட்டவும் வேண்டாம், மற்றவர்கள் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது.

பயமோ அழுகையோ முரட்டுத்தனமோ வாரக்கணக்கில் நீடித்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் படிப்பையும் கெடுத்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாராவது தன்னைத் துன்புறுத்துவதாகப் பிள்ளை சொன்னால், நீங்களே துருவித் துருவி விசாரிக்காமல், சொன்னதை அப்படியே ஏற்றுக் கேட்டுக்கொண்டு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

மேலே சொன்ன சகோதரரின் மகன் இப்போது மக்தபுக்குப் போய் வருகிறான். சில நாட்கள் அத்தா கூடவே நடந்து சென்றார், பெரிய பையன்களின் வீட்டாரிடமும் பேசினோம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. முதல் நாளே அவனிடம் கேட்டிருந்தால் அந்தச் சில வாரங்களின் அடியும் அழுகையும் மிச்சமாகியிருக்கும். இனி நம் அலுவலகத்திற்கு வரும் பிள்ளைகளிடமும் உட்கார்ந்து பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.