ஊடகம் பயில்வோம் – 7: புக்கிட் பெலண்டோக்கில் யாருக்குக் காய்ச்சல்?

ஊடகப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம் ஒரு செய்தியைக் கொடுத்து ஆராயச் சொன்னால், “இது உண்மையா, பொய்யா?” என்றுதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பொய்யே இல்லாத செய்தியும் வாசகனைத் தவறான திசையில் அழைத்துப்போக முடியும். அது எப்படி நடக்கிறது என்று பார்க்க, மலேசியாவின் நெகிரி செம்பிலானில், தோட்டங்கள் சூழ்ந்த புக்கிட் பெலண்டோக்கை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவத் தொடங்கியது. அங்கிருந்து லாரியில் ஏற்றிவந்த பன்றிகளோடு, சில மாதங்களில் அது நெகிரி செம்பிலானுக்கும் வந்தது. நாட்டின் பெரிய பன்றிப் பண்ணை வட்டாரங்களில் ஒன்று புக்கிட் பெலண்டோக். பண்ணைகளை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அங்கே கூலிக்கு உழைத்தவர்களில் நம் தமிழர்களும் உண்டு. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், அதாவது ஜேஇ, என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். கொசுமருந்துப் புகை அடிக்கப்பட்டது. தடுப்பூசி போடப்பட்டது. அறிவித்தவர்கள் பொய் சொல்லவில்லை. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜேஇ தொற்றின் அடையாளம் இருக்கவே செய்தது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே கைகொடுக்கும். செய்தியின் சட்டகம் நான்கு வேலைகளைச் செய்கிறது என்கிறார் அவர்: சிக்கல் எது என்று வரையறுக்கிறது, காரணத்தைக் காட்டுகிறது, யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று எடைபோடுகிறது, தீர்வைச் சொல்கிறது. ஜேஇ என்ற சட்டகத்தைப் பொருத்திப் பாருங்கள். சிக்கல் மூளைக்காய்ச்சல், காரணம் கொசு, தீர்வு புகையும் ஊசியும். அப்படியானால் தவறு செய்தவர்? சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைக்காதவர், ஊசி போட்டுக்கொள்ளாதவர். பண்ணைக்காரர் மேல் எந்தச் செய்தியாளரும் நேரடியாகக் குற்றம் சுமத்தத் தேவையில்லை. சட்டகமே அதைச் செய்துவிடும்.

இனி, சட்டகத்துக்குள் அடங்காத விவரங்கள். ஜேஇ பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும் நோய். இங்கே படுத்தவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள். கொசு பண்ணையாள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பன்றியோடு பழகியவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் இறந்தார்கள். ஜேஇ கிருமி புகுந்த வளர்ந்த பன்றிகள் பொதுவாக நோய் காட்டுவதில்லை; இங்கே பன்றிகள் தொலைவுக்குக் கேட்கும்படி இருமிச் செத்தன. நோயாளியின் வயது, பால், தொழில் ஆகியவை எந்த நோய்ச் செய்தியிலும் சாதாரணமாக இடம்பெறுபவை. அவற்றை வரிசையாக அடுக்கி, “இந்தக் காரணத்தோடு இந்த ஆட்கள் பொருந்துகிறார்களா?” என்று கேட்பதுதான் பனுவல் ஆய்வு. ஒரு செய்தியைச் சோதிப்பதற்கான சான்று பல நேரங்களில் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது. என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தர விரும்பும் முதல் பாடம் இதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், அதே வட்டாரத்துச் சுங்கை நீப்பாவைச் சேர்ந்த நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அது ஜேஇ அல்ல என்று அங்கே உறுதியானது. அந்தச் சிற்றூரின் பெயரே நீப்பா என்று கிருமிக்கும் வந்தது. புக்கிட் பெலண்டோக் மக்களோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஊசியும் புகையும் காப்பாற்றும் என்ற செய்தியைத் தங்கள் கண்முன் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம்பாமல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். அதைப் பீதி என்று எழுதிவிடுவது எளிது. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் விளக்கிய எதிர்நிலை வாசிப்பு, அதாவது செய்தி சொல்லும் பொருளை ஏற்க மறுக்கும் வாசிப்பு, அதுவே என்பேன்.

பனுவலுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். 1998 செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டுக் கைதானார். அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அவருடைய முதல் வழக்கு நடந்தது. நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. 1984 அச்சகச் சட்டத்தின்படி நாளிதழ்கள் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய காலமும்கூட. சுகாதார அமைச்சின் விளக்கத்தைத் தாண்டி ஒரு ஆசிரியர் எவ்வளவு தூரம் போவார் என்று கேட்காமல் அக்காலச் செய்தி எதையும் ஆராய முடியாது.

பிறகு படங்கள். முகமூடி, வெள்ளை உடை, துப்பாக்கியோடு இராணுவத்தினர், குழியில் பன்றிகள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டதை அந்தப் படங்கள்தாம் உலகத்துக்குச் சொல்லின. மலேசியாவில் நோய் கண்டோர் 265 பேர், இறந்தோர் 105 பேர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். பிழைத்தவர்களில் சிலருக்கு நரம்புக் கோளாறு நீடித்தது. அவர்கள் எந்தப் படத்தில் இருக்கிறார்கள்?

2011இல் வெளியான ‘கன்டேஜியன்’ திரைப்படத்தின் கற்பனைக் கிருமி பெரிதும் நீப்பாவை வைத்தே உருவானது. வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து சமையல்காரருக்கு, அவரிடமிருந்து அமெரிக்கப் பெண்ணுக்கு என்று கடைசிக் காட்சி போகிறது. அறிவியல் சரியாகவே இருக்கிறது. ஆனால் புக்கிட் பெலண்டோக்கில் முதலில் விழுந்தவர்கள், கையால் தீவனம் போட்டுத் தொழுவம் கழுவியவர்கள், அந்தச் சங்கிலியில் இல்லை. நூறு பேருக்கு மேல் செத்த ஒரு நோயின் கதையில் ஒரு கண்ணியே விடுபட்டிருப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த வாரப் பயிற்சி. தேசிய நூலகத்துக்குப் போய் 1999 மார்ச் மாதத் தமிழ் நாளிதழ் ஒன்றையும், அதே நாளின் மலாய் அல்லது ஆங்கில நாளிதழ் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். இந்த நோய் பற்றிய ஒரே செய்தியை இரண்டிலும் எடுத்து நகலெடுங்கள். அதிகாரி பேசும் வரிகளைச் சிவப்பிலும், மருத்துவர் பேசும் வரிகளை நீலத்திலும், பண்ணையாளோ அவர் குடும்பமோ பேசும் வரிகளைப் பச்சையிலும் அடிக்கோடிடுங்கள். “அழிக்கப்பட்டன”, “வெளியேற்றப்பட்டனர்” போன்ற சொற்களை வட்டமிட்டு, செய்தவர் யார் என்று ஓரத்தில் எழுதுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பச்சை எங்கே கூடியிருக்கிறது என்று பார்த்து, ஒரு பக்க அளவில் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அவற்றிலிருந்து தொடங்குவோம்.