பெருங்குடல் பாலிப்புகளைக் கண்டறியும் இயந்திரக் கற்றல்: செயல்முறையும் மதிப்பீடும்

முன்னுரை

பெருங்குடற் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை, குடலின் உட்சுவரில் முளைக்கும் பாலிப் எனப்படும் சிறு திசு வளர்ச்சியிலிருந்து தோன்றுகின்றன. பாலிப்புகள் அனைத்தும் புற்றாவதில்லை. அடினோமா என்னும் வகை புற்றாக மாறுவதற்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவு காலம் செல்லும். அக்காலத்துக்குள் கண்டு அகற்றின் நோய் வாராமலே தடுக்கலாம். சி.டி. படங்களில் பாலிப்புகளைக் கண்டறிய மருத்துவருக்குத் துணைநிற்கும் கணினி எவ்வாறு கற்கிறது, அதன் திறனை எவ்வாறு அளந்தறிவது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. படமெடுத்தல்

குழாய்க் கருவியைக் குடலுக்குள் செலுத்திப் பார்ப்பது கொலோனோஸ்கோப்பி. அவ்வாறு செலுத்தாமலே, சி.டி. படங்களைக் கொண்டு குடலின் உட்பரப்பை முப்பரிமாணத்தில் மீட்டமைக்கும் முறையை டேவிட் வைனிங் 1994ஆம் ஆண்டில் முன்வைத்தார். குடலைத் தூய்மைசெய்து, காற்றோ கரியமில வாயுவோ செலுத்தி விரித்து, மல்லாந்த நிலையிலும் குப்புறப் படுத்த நிலையிலுமாக இருமுறை படமெடுப்பர். உடல் புரளும்போது எஞ்சிய மலம் இடம்பெயரும்; பாலிப் பெரும்பாலும் சுவரோடு ஒட்டி நிற்கும். ஒருவருக்கே நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் சேர்வதால், ஆராயும் கண் சோர்வது இயல்பு. இங்குதான் கணினியின் துணை வேண்டப்படுகிறது.

2. வடிவத்தை எண்ணாக்குதல்

வளிக்கும் திசுவுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு கணினி முதலில் குடற்சுவரைப் பிரித்தெடுக்கிறது. பின்னர்ச் சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவை அளக்கிறது. ஹிரோயுகி யோஷிதாவும் அவருடன் பணியாற்றிய நாப்பியும் 2001இல் வெளியிட்ட முறை, வடிவச் சுட்டெண் என்னும் அளவையைப் பயன்படுத்தியது. அவ்வளவையில் 0 குழிந்த கிண்ணத்தையும், 0.5 சேணத்தையும், 0.75 வரப்பையும், 1 குவிமாடத்தையும் குறிக்கும். குடலின் இயல்பான மடிப்புகள் வரப்பை ஒத்தவை. பாலிப் குவிமாடத்தை ஒத்தது. ஆகவே, 1ஐ நெருங்கும் இடங்களைக் கணினி ஐயப்புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. ஆயின் மலத்துணுக்கும், சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்து வால்வும் குவிமாடமாகத் தோன்றுவதுண்டு. தட்டையான பாலிப்போ இவ்வளவைக்குத் தப்பிவிடக்கூடும்.

3. கற்றல்

ஐயப்புள்ளிகளுள் மெய்யையும் பொய்யையும் பிரிப்பதே இயந்திரக் கற்றலின் பணி. ஒவ்வொரு புள்ளியின் அளவு, வளைவு, அடர்த்தி, இழையமைப்பு ஆகியவை எண்களாகத் தொகுக்கப்படும். அப்புள்ளி மெய்யான பாலிப்பா என்பது கொலோனோஸ்கோப்பி முடிவைக் கொண்டு அடையாளமிடப்படும். ஆதரவுத் திசையன் பொறி போன்ற வகைப்படுத்திகள், இவ்விரு தொகுதிகளுக்கும் இடையே எல்லை வகுக்கக் கற்கின்றன. பின்வந்த ஆழ்கற்றல் முறைகள், பண்புகளை மனிதர் வரையறுத்துத் தருவதை எதிர்பாராமல், படத்திலிருந்தே அவற்றைக் கற்றுக்கொள்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை, சரியாக அடையாளமிடப்பட்ட எடுத்துக்காட்டுகளே.

4. எதனை எண்ணுவது?

கற்ற கணினியின் திறனை ஒற்றை விழுக்காட்டில் கூறுவது பிழைக்கு வழிகோலும். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். 100 பேர், ஒவ்வொருவருக்கும் இரு படத்தொகுதிகள், தொகுதிக்கு 40 ஐயப்புள்ளிகள், மொத்தம் 8,000. அவற்றுள் 80 மட்டுமே மெய் எனின், அனைத்தையும் 'பாலிப் அன்று' எனத் தள்ளும் கணினியும் 99 விழுக்காடு சரியெனத் தோன்றும். ஆனால் அது ஒரு பாலிப்பையும் காணவில்லை. எனவே மெய்ப் பாலிப்புகளுள் எத்தனை கண்டது என்னும் உணர்திறனையும், ஒருவருக்கு எத்தனை பொய் எச்சரிக்கை தந்தது என்பதையும் இணைத்தே கூறுதல் வேண்டும். முன்னது குறையின் புற்று வளரும். பின்னது மிகின் தேவையற்ற சோதனைக்கு ஆளாக நேரும்.

இதனினும் மறைவான பிழை ஒன்றுண்டு. ஒரே பாலிப் இரு நிலைப் படங்களிலும் பதிவாகும். மல்லாந்த படத்தைப் பயிற்சியிலும் குப்புறப் படத்தைச் சோதனையிலும் வைத்தால், கணினி முன்பே கண்டதையே மீண்டும் காண்கிறது. வினாவை முன்கூட்டி அறிந்து தேர்வெழுதிய மாணவரின் மதிப்பெண் போன்றது அத்திறன். ஆதலால் பகுக்க வேண்டிய அலகு புள்ளியன்று, படமுமன்று, நோயாளியே.

ரொனால்ட் சம்மர்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் எடுத்துக்காட்டாகும். 1,186 பேரை, 394 பேர் பயிற்சிக்கும் 792 பேர் சோதனைக்கும் எனப் பிரித்தனர். சோதனைத் தொகுதியில் 10 மி.மீ. அளவும் அதற்கு மேலுமான 28 அடினோமாக்களுள் 25ஐக் கணினி கண்டது, உணர்திறன் 89.3 விழுக்காடு. ஒருவருக்குச் சராசரியாக 2.1 பொய் எச்சரிக்கைகள் எழுந்தன. எனினும் 792 பேரிலும் பெரிய அடினோமாக்கள் 28 மட்டுமே என்பதால், 95 விழுக்காட்டு நம்பக எல்லை 71.8 முதல் 97.7 வரை விரிகிறது. பங்கேற்றோர் எண்ணிக்கையன்று, கண்டறிய வேண்டிய நோயின் எண்ணிக்கையே உறுதியைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

தவறிய மூன்றும் மூவெண் அல்ல. கண்டறியப்பட வேண்டியிருந்த மூன்று அடினோமாக்கள். ஆகவே கணினி சுட்டும் புள்ளியை ஆராய்வதும், சுட்டாத இடத்தையும் பார்ப்பதும் மருத்துவர் கடமையாகவே நிற்கின்றன. தமிழில் இத்துறையை எழுதுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. 'துல்லியம்' என்னும் ஒரே சொல்லால் உணர்திறனையும் ஒட்டுமொத்தச் சரிநிலையையும் குறிப்பின், மேலே கண்ட 99 விழுக்காட்டு மயக்கம் தமிழ் வாசகரையும் பற்றும். இரண்டையும் வேறு சொற்களால் வழங்கி, எவ்வலகை எண்ணினர் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.