தனியா இருக்கும் அப்பா, அம்மாவுக்கு நாய்க்குட்டி வாங்கித் தரலாமா? நன்மை என்ன, ஆபத்து என்ன?

திண்டுக்கல் நகரத்திலும் வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்களிலும் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை என வேலைக்குப் போய்விட, வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். சில வீடுகளில் ஒருத்தர் மட்டும்தான். 2021-க்கான கணிப்பின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம்.

"பேச்சுத் துணைக்கு ஒரு நாய்க்குட்டியாவது இருக்கட்டுமே" என்று பிள்ளைகள் நினைப்பது நியாயம்தான். ஆனால் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

பிராணி வளர்த்தால் இதயத்துக்கு நல்லதா?

1980-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இதய நோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டு கவனித்தது. வீட்டில் பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். வளர்க்காத 39 பேரில் 11 பேர் இறந்திருந்தார்கள்.

2017-ல் ஸ்வீடனில் சுமார் 34 லட்சம் பேரின் 12 ஆண்டு மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். தனியாக வசிப்பவர்களில், நாய் வளர்த்தவர்களுக்கு இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது.

அப்போ நாய்தான் மருந்தா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நடமாட்டம் நன்றாக இருப்பவர்கள்தான் பெரும்பாலும் நாய் வளர்க்க முன்வருகிறார்கள். அதுவும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையும், இதய நோயைத் தடுப்பதற்காக மட்டுமே பிராணி வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னது. பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் நாய் வந்த பிறகும் தொடரணும்.

உண்மையில் எது உதவுது?

தென்கொரியாவில் 94 முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. அதில் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கப்பட்டது நாயோ பூனையோ அல்ல, சில்வண்டுகள். எட்டு வாரம் அவற்றுக்குத் தீனி வைத்துப் பராமரித்தவர்களிடம் மனச்சோர்வு ஓரளவு குறைந்திருந்தது.

அதாவது, பிராணி பெரிதா சிறிதா என்பதைவிட, "நான் எழுந்திரிச்சாதான் இதுக்குச் சாப்பாடு" என்ற எண்ணம் முக்கியம். காலையில் எழ ஒரு காரணம், வேளைக்கு ஒரு வேலை, வாய்விட்டுப் பேச ஒரு ஜீவன். அதோடு, நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் நாலு வார்த்தை பேசுவார்.

ஆடு, கோழியும் துணைதான்

திண்டுக்கல் கிராமங்களில் இது புது விஷயம் இல்லை. ஆட்டுக்குட்டிக்குப் பேர் வைத்துக் கூப்பிடும் பாட்டிகளை எந்த ஊரிலும் பார்க்கலாம். வியாழக்கிழமை கூடும் அய்யலூர் சந்தையில் ஆடும் நாட்டுக்கோழியும் வாங்கலாம், விற்கலாம். துணையோடு கைச்செலவுக்குக் காசும் கிடைக்கும். நகரத்துப் பிள்ளைகள் "இந்த வயசுல எதுக்கும்மா ஆடு?" என்று ஒரேயடியாக விற்கச் சொல்லும் முன் இதையும் யோசிக்கணும். மேய்க்க முடியவில்லை என்றால் எண்ணிக்கையைக் குறைத்து, கட்டிப்போட்டு வளர்க்கும் அளவுக்கு ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது சரி?

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம்ம ஊர் நாய்கள்தான். ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனங்கள். ஓட இடமும், இழுத்துப் பிடிக்கத் தெம்பும் வேண்டும். 70 வயதுக்காரருக்கு, ஓடியாடும் குட்டியைவிட ஏற்கெனவே பழகிய, சாதுவான, வளர்ந்த நாய் நல்லது. முழங்கால் வலி இருந்தால் பூனை போதும். குனிய முடியாதவர்களுக்கு மேசைமேல் மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ்.

பச்சைக்கிளி மட்டும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம்.

பெரிய ஆபத்து, விழுவதுதான்

அமெரிக்காவில் நாயை நடைக்குக் கூட்டிச் சென்றபோது எலும்பு முறிந்த 65 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை, 2004-ல் 1,671. அது 2017-ல் 4,396 ஆனது. அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். அதிகம் முறிந்தது இடுப்பு எலும்பு. நம்ம தெருக்களில் மேடுபள்ளமும் தெருநாய்களும் சேர்ந்துகொள்கின்றன. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. வெயில் ஏறும் முன் நடையை முடித்துவிட வேண்டும். ராத்திரி கழிவறைக்குப் போகும் வழியில் நாய், பூனை படுக்காமல் பார்த்துக்கொண்டு, சின்ன லைட் ஒன்றை எரியவிடலாம்.

கடி, கீறல் பட்டால்?

வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சின்னக் கீறலும் பெரிய காயமாகலாம். நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசியும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு மருந்தும் கட்டாயம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* அப்பா, அம்மாவுக்கு விருப்பம் இருக்கா, இல்லை நமக்கு மட்டும்தானா?
* தீனி, ஊசி, டாக்டர் செலவை மாதாமாதம் யார் கொடுப்பது?
* அவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பிராணிக்கு யார் சோறு வைப்பது?
* நாய் 10 வருடத்துக்கு மேலும் வாழும். அவர்களுக்குப் பிறகு அதை யார் எடுத்துக்கொள்வது?
* வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, அலர்ஜி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் முக்கியம். நாயை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போடும் பெரியவர்கள் உண்டு. பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

கால்நடை அவசர ஊர்திக்கு 1962, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் கட்டணமில்லா எண்கள். அம்மாவின் போனில் இப்போதே சேமித்து வைக்கலாம். நாய் வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளின் போன் மட்டும் குறையக் கூடாது.