ரத்தம் பீறிட்டால் தோளில் கிடக்கும் துண்டும் உயிர் காக்கும்!

ஸ்ரீராம்புரத்திலிருந்து பட்டறைகளுக்கும் பீன்யா ஆலைகளுக்கும் ஷிப்டு மாறி மாறிப் போய்வரும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். பவர் பிரஸ்ஸில் கை சிக்கினாலும், தகடு கிழித்தாலும், சாலையில் லாரி மோதினாலும் பல சமயம் ஆளை முதலில் கொல்வது நிற்காத ரத்தப்போக்குதான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். 108 ஆம்புலன்ஸ் நெரிசலைத் தாண்டி வருவதற்குள், பக்கத்தில் நிற்பவர் செய்வதே வைத்தியம்.

முதலில் அழுத்துங்கள்

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் பலமாக அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. பெரும்பாலும் இதிலேயே ரத்தம் நின்றுவிடும். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

அப்படியும் கை, காலிலிருந்து ரத்தம் கொட்டினால் 'டூர்னிக்கெட்' எனும் இறுக்குக் கட்டு தேவை. 1718-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த கட்டை உருவாக்கினார். கை, கால் அழுகிவிடும் என்று அஞ்சி இதை நெடுங்காலம் கடைசி வழியாகவே வைத்திருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் தாமதமின்றிக் கட்டுப் போடப்பட்ட வீரர்கள் அதிகம் பிழைத்ததைக் கண்ட பிறகே அந்தக் கருத்து மாறியது.

கட்டும் முறை

காயத்துக்கு 2 முதல் 3 அங்குலம் மேலே, உடலை நோக்கிய பக்கத்தில் கட்ட வேண்டும். மூட்டின் மேல் கட்டக் கூடாது. இதற்கென்றே விற்கும் பட்டை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் துண்டையோ துப்பட்டாவையோ 2 அங்குல அகலத்துக்கு மடித்துச் சுற்றி, ஒரு முடிச்சுப் போடவும். அதன் மேல் ஸ்பானர் அல்லது உறுதியான குச்சியை வைத்து மறுமுடிச்சுப் போட்டு, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, குச்சி நழுவாமல் கட்டிவிடவும்.

கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்தக் கூடாது. அரைகுறை இறுக்கம் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, 2 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். அவிழ்ப்பது டாக்டரின் வேலை. கம்பி, மெல்லிய கயிறு சதையை அறுத்துவிடும். கழுத்து, மார்பு, வயிற்றில் கட்டவே கூடாது. பாம்புக்கடிக்கும் இது ஆகாது.

போலீஸ் பயம் வேண்டாம்

"கேஸில் மாட்டிக்கொள்வோமோ" என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. உதவுவோரைத் துன்புறுத்தக் கூடாதென்ற விதிமுறைகளுக்கு 2016 மார்ச் 30-ல் சுப்ரீம் கோர்ட் சட்ட பலம் அளித்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

2016 பிப்ரவரியில் நெலமங்கலா அருகே லாரி மோதி உடல் துண்டான இளைஞர் ஒருவர், தம் உடல் உறுப்புகளைத் தானம் செய்யச் சொல்லிவிட்டு இறந்தார். அவர் பெயரால் கர்நாடக அரசு அதே ஆண்டில் விபத்துச் சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டம் வழி செய்கிறது.

ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ., மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் ஆஸ்பத்திரிகள் ஸ்ரீராம்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அடிபட்டவர் அங்கே உயிரோடு போய்ச் சேர வேண்டுமே! ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு முதலுதவிப் பெட்டியும், கட்டுப் போடத் தெரிந்த ஒருவரும் இருப்பது அவசியம்.