ஆற்றோரத்தில் ஓய்வுக்காலம்

முதியோர் குடியிருப்புக்கு இடம் பார்ப்பவர்கள் கேட்கத் தவறும் கேள்வி: தண்ணீர் வந்தால் எப்படி வெளியேறுவது?

2020 ஜூலை 4, அதிகாலை. ஜப்பானின் குமமோட்டோ மாநிலத்தில் குமா ஆறு கரைபுரண்டது. ஆற்றோடு ஒரு சிற்றாறு கலக்கும் இடத்துக்கருகே முதியோர் இல்லம் ஒன்று. லிஃப்ட் கிடையாது. ஊழியர்களும் ஊர்க்காரர்களும் முதியவர்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். தண்ணீர் முந்திக்கொண்டது. 14 பேர் இறந்தனர்.

இத்தனைக்கும் அந்த இடம் வெள்ள அபாய வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. வெளியேற்றத் திட்டம் இருந்தது, ஒத்திகைகளும் நடந்தன. நேரமும் ஆட்களும்தான் போதவில்லை.

இந்தியாவில் இப்போது ஓய்வுபெற்றோருக்கான குடியிருப்புகள் பெருகிவருகின்றன. மேடுபள்ளமில்லாத நிலம், ஆற்றுக் காற்று என்று வெள்ளச் சமவெளியில் விளம்பரத்துக்கு வேண்டிய எல்லாம் உண்டு. ஆனால் அந்த நிலத்தைச் சமப்படுத்தியதே வெள்ளம்தான். அங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று வரையறுக்கும் மாதிரி மசோதாவை மத்திய அரசு 1975லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்களே சட்டம் இயற்றின. ஆகவே ஆராய வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லே பலரை ஏமாற்றிவிடுகிறது. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்பதல்ல அதன் பொருள். ஒவ்வோர் ஆண்டும் அதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதுதான். 65 வயதில் குடியேறி 20 ஆண்டுகள் வாழ்பவர் ஒருமுறையாவது அதைச் சந்திப்பதற்கான வாய்ப்பு 18 சதவீதம்.

ஒரே வெள்ளம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. 2005இல் கத்ரீனா புயலால் அமெரிக்காவின் லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். 2018 ஆகஸ்டில் பம்பை பெருகியபோது, பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க, கேரளத்தின் செங்கன்னூர் வட்டாரத்தில் முதியவர்கள் பலர் வீடுகளில் தனியே சிக்கித் தவித்தார்கள்.

எனவே நிலத்தின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கட்டடம் மேட்டில் இருந்தாலும் அதற்குப் போகும் சாலை மூழ்கினால் அது தீவுதான். ஜெனரேட்டரும் மின்பலகையும் தரைமட்டத்தில் இருந்தால் லிஃப்ட் நிற்கும், ஆக்சிஜன் கருவியும் நிற்கும். மேலே அணை இருந்தால், திறந்துவிட்ட நீர் வந்துசேர எத்தனை மணி நேரம் என்பதும் தெரிய வேண்டும். பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்பதை மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையப் பதிவுகள் சொல்லும். ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள்.

கடைசியாக ஓர் எளிய கணக்கு. தூக்கிச் செல்ல வேண்டியவர்கள் 20 பேர், இரவுப் பணியில் 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைத் தூக்க இருவர் தேவை. மாடிக்குப் போய்த் திரும்ப 10 நிமிடம். எல்லோரையும் ஏற்றிமுடிக்க 100 நிமிடங்கள் ஆகும். தண்ணீர் ஒரு மணி நேரத்தில் உள்ளே வருமென்றால் 8 பேர் கீழே இருப்பார்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்படி கட்டுநரிடம் கேட்கலாம். அவர் தயங்கினால், அதுவும் ஒரு பதில்தான்.